தண்ணீரை வெளியே விட்ட அக்கா

வேளாண்மைத் துறையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தாமிரபரணி கடலில் சேரப்போகும் கடைசி ஊர்களில். வரப்பில் நின்றால் இந்தப் பக்கம் நெல், கொஞ்சம் தள்ளி உப்பளம். ஸ்கூட்டியில் போய் இறங்கினால், "மேடம் வந்துட்டாவ" என்று மரியாதையாக நாற்காலி போடுவார்கள். நான் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவரவர் நினைத்ததைத்தான் செய்வார்கள். நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் வளர்ந்தவள் நான். ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றே நம்பி வந்தவளுக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகவே கடுப்பேற்றியது.

அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன். கணவர் சவூதியில் இருந்தார். வயல்வேலை முழுவதும் அக்கா தலையில், உத்தரவு மட்டும் சவூதியிலிருந்து. தினமும் காலையில் அவர் வீடியோ காலில் வருவார். அக்கா போனைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பைச் சுற்றி வருவாள்.

அந்த வருடம் பிசானப் போகத்தில் நட்ட நெல் மஞ்சளடித்துப்போனது. "ஏளா, யூரியா பத்தல. இன்னும் கொஞ்சம் வீசு" என்றார் கணவர். வீசியும் தேறவில்லை. உள்ளூரிலிருந்த அவருடைய அண்ணன், "பொம்பள பாத்தா இப்படித்தான் இருக்கும். வயல எங்கிட்ட விட்டுரு" என்று தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். இந்தப் பயிர் போனால் வயல் அண்ணனுக்குக் குத்தகை என்று தம்பியும் சொல்லிவிட்டார்.

"வயலு போச்சுன்னா அந்த வீட்டுல நான் வெறும் சோறு பொங்கிப் போடுதவதான், மேடம்" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடுங்கினேன். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. காரணம் தண்ணீர். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்களுக்கு மேலே உள்ளவர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் வரும். அதனால் வந்த தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட வெளியே விட மாட்டார்கள். நட்ட நாளிலிருந்து வரப்பு முட்டத் தேக்கி வைத்திருந்ததில் வேருக்கு மூச்சே இல்லை.

"தண்ணிய வடிச்சிருங்க அக்கா. மண்ணு லேசா வெடிக்கட்டும். பெறவு பாய்ச்சினா புது வேரு விடும்" என்றேன்.

பக்கத்தில் நின்ற அண்ணன்காரர் சிரித்தார். "தண்ணிக்கு மண்டைய ஒடச்சிக்கிட்ட ஊரு இது. மேடம் தொறந்து விடச் சொல்லுதாவ" என்றார். வரப்பில் கூடியிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அக்கா மட்டும், "அடுத்த முறைத் தண்ணி வராட்டா?" என்று கேட்டாள்.

"வராட்டா பயிரு போயிரும். வடிக்காட்டாலும் போயிரும்."

வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்து, வடிகால் பக்கத்து வரப்பை வெட்டிவிட்டாள். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் மடமடவென்று வெளியே போனது.

மறுநாள் காலையில் நானும் வயலில்தான் நின்றேன். வீடியோவில் வெறும் சேற்றைப் பார்த்த கணவர், "கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார். "இந்தப் போகம் மட்டும் விடுங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அக்கா.

அப்புறம் தண்ணீர் வருவதாகக் காணோம். நூல்போல விழுந்த வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு ஆனது. எந்த வேலையாகப் போனாலும் வண்டி அந்த வாய்க்கால் பக்கமே திரும்பியது. ஒருநாள் மத்தியானம் வாய்க்காலில் சருகையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தபோது, எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அடுத்த வாரம் ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தோம். கறுப்பு வேருக்கு நடுவே வெள்ளை வெளேரென்று புது வேர்கள். அறுவடையில் அந்த வயல் வேறு யார் வயலுக்கும் சளைக்கவில்லை. குத்தகைப் பேச்சை அண்ணன்காரர் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

இன்று எத்தனையோ ஊர்களில் என் பேச்சைக் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் முதல் ஆள் அந்த அக்கா. நான் அடுப்பை அணைத்தால் என் அம்மா இன்றைக்கும் ஒருமுறை திருகிப் பார்த்துக்கொள்வாள். அக்காவோ என் ஒரு வார்த்தையை நம்பி, கையிலிருந்த ஒரே பிடிமானமான தண்ணீரைத் திறந்து விட்டாள். அந்த நன்றியை நான் எங்கே போய்த் தீர்ப்பது?

அந்த அறுவடை முடிந்து, அடுத்த நாற்றங்காலுக்கு அக்கா வயலில் உழுதுகொண்டிருந்தபோது போயிருந்தேன். வழக்கம்போல வீடியோ கால் வந்தது. உத்தரவு வரும் என்று நானும் காத்திருந்தேன். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த மட்டம் என்ன நெல்லு போடப் போற?" என்று கேட்டார்.

அக்கா போனைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, "கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இப்பதான் மேடம் எங்கிட்ட கேக்காவ" என்றாள். போனை அவள் அணைக்கவில்லை. அந்தப் பக்கம் அவருக்கும் அது கேட்டிருக்கும்.