ஒன்பது மணித் தடிமன்

எட்டு ஐம்பத்திரண்டுக்கு வரவேண்டிய பஸ் எட்டு ஐம்பத்தாறுக்கு எங்கள் வீட்டு வாசல் படலையைத் தாண்டியது. அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார், கொப்பியில் எழுதினார், "நாலு நிமிஷம்" என்று பஸ்ஸின் பின்பக்கத்துக்குச் சொன்னார். பிறகு உள்ளே வந்து என் கைபேசியை எடுத்து, என் பெயரில், என் வங்கிக்கு அழைத்தார்.

அம்பலவாணர், வயது எழுபத்து நான்கு, புளியங்கூடல். ஊர்காவற்றுறையில் முப்பத்தொரு வருடம் பஸ்களின் நேரம் குறித்தவர். ஊருக்கு இன்றைக்கும் 'ரைம்கீப்பர்'. ஓய்வுபெற்ற பிறகும் குறிப்பதை நிறுத்தவில்லை. மீன்காரர் வந்த நேரம், மின்சாரம் போன நேரம். அம்மா போன நேரமும் அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது: பி.ப. 4.40. அடுத்த வரியில் ஐந்து மணி பஸ்.

அம்மாவின் செத்தவீட்டை நேரலையில் காட்ட யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தைப் பிடித்தது நான். என் கிரெடிட் காட்டில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கட்டினேன். கனடாவிலிருக்கும் சின்னம்மாவால் வர முடியவில்லை. அக்காவின் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். என் தொழில் கணினி வலையமைப்பு. படத்தின் தெளிவு, இணைய வேகம், மாற்று இணைப்பு எல்லாம் விசாரித்தேன். கமரா எந்தப் பக்கம் பார்க்கும் என்று விசாரிக்கவில்லை.

கமராக்காரர் ஜெயரூபன் வெயில் விழுகிறதென்று தொடக்கத்திலேயே கமராவைத் திருப்பி வைத்தார். செத்தவீட்டில் அடுப்பு எரியாது. அவருக்குப் பசித்தது, சந்திக் கடைக்குப் போய்விட்டார். அதன்பின் கமரா பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியை. ஒலியில் பிசகில்லை. கிரியையில் பாடும் சுண்ணப்பாட்டு ரொறன்ரோவரை தெளிவாகக் கேட்டது. அங்கே பதினேழு பேர் தாங்கியைப் பார்த்து அழுதார்கள். "இந்தா திரும்பும், இந்தா திரும்பும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அத்தான்" என்றார் சின்னம்மா. எங்களுக்கு அழைத்தும் பார்த்திருக்கிறார்கள். கைபேசிகள் அறைக்குள் கிடந்து ஒலித்தன. அந்த நேரத்தில் யார் எடுப்பார்?

கட்டணத்தை மறுத்து வங்கிக்கு எழுதினேன். நிறுவனம் பதில் அனுப்பியது: சேவை வழங்கப்பட்டது, மூன்று மணி பத்து நிமிடம். அந்த வரியில்தான் அப்பா எழும்பினார்.

"விடுங்கோ அத்தான், காசுதானே" என்றார் சின்னம்மா.

"காசில்லைப் பிள்ளை. வராத பஸ்ஸை வந்ததெண்டு எழுத நான் ஒருநாளும் விட்டதில்லை. அதை வெட்டவேணும்."

பதிவு முழுவதையும் இரண்டு தரம் பார்த்து அட்டவணை போட்டார். '10.14 தாங்கி. 10.31 தாங்கி, காகம் ஒன்று. 10.33 காகம் போனது. 11.05 இவ, ஆறு விநாடி.' கடைசியில் கமராவைக் கழற்றித் தூக்கும்போது தற்செயலாக அம்மா படத்தில் விழுந்த இடம் அது.

வங்கி அட்டைக்காரரோடு மட்டுமே பேசும். முதல் இரண்டு நாளும் நான்தான் எடுத்தேன். அடையாளம் பார்க்க மூன்று கேள்விகள். மூன்றாவது, தாயாரின் முழுப்பெயர். இரண்டு நாளும் அந்த இடத்தில் அழைப்பைத் துண்டித்தேன்.

"லைன் கட்டாகிட்டுதோ?" என்றார் அப்பா.

"ஓம்."

"இஞ்ச கொண்டா. நாளையிலயிருந்து வாகீசன் நான்தான்."

தமிழில் பேசக் காலையில் அங்கே இருப்பவர் பிரேமினி என்ற பெண். தினமும் ஒன்பது மணிக்கு அவருடைய முதல் வாடிக்கையாளர் அப்பா.

"அட்டை இலக்கம் சரி, சேர். பிறந்த திகதி?"

அப்பா திகதியைச் சொல்லி, கேட்காமலே தொடர்வார்: "விடியக்காலமை ஆறு பதினேழு. அத்த நட்சத்திரம்."

"நேரம் தேவையில்லை, சேர். உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு எண்டு காட்டுது."

"ஓம்."

"குரல் கொஞ்சம்..."

"தடிமன், பிள்ளை. மூக்கடைப்பு."

"போன கிழமையும் தடிமன் எண்டனீங்கள்."

"இது தீவு. கடல்காத்து. லேசில மாறாது."

மூன்றாவது கேள்விக்கு அப்பா கதிரையில் இருந்து பதில் சொல்வதில்லை. எழும்பி, தோளிலிருந்து துவாயை எடுத்துவிட்டு, "தம்பிராசா கமலாதேவி" என்பார். நாற்பத்தொரு வருடம் குசினிப் பக்கம் பார்த்து "இஞ்சேரும்" என்று மட்டுமே கூப்பிட்டவர். அம்மாவின் பெயரை அவர் வாயால் நான் கேட்டது வங்கிக்குச் சொன்னபோதுதான்.

"உங்கட அம்மா வீடியோவில தெரியிறா எண்டு கொம்பனி சொல்லுது, சேர்."

"ஆறு விநாடி. பஸ் ஓடினதை நான் மறுக்கேல்லை, பிள்ளை. தரிப்பிடத்தில நிண்டதோ எண்டதுதான் கேள்வி. ஆறு விநாடியில ஆர் ஏற ஏலும்? என்ர மனிசியின்ர தங்கச்சி அங்க... சீ, அம்மான்ர தங்கச்சி..."

"விளங்குது, சேர்" என்றார் பிரேமினி.

ஜெயரூபனை அப்பா ஒருநாளும் ஏசவில்லை. "பசிச்சது குற்றமில்லை. திருப்பிப்போட்டுப் போனதுதான்."

முறைப்பாடு கொடுத்த இருபத்து மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: சேவை முறையாக வழங்கப்படவில்லை, பணம் மீளளிக்கப்படுகிறது. அப்பா என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். கொப்பியில் நேரம் எழுதினார். சின்னம்மாவுக்குப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அதோடு அந்த ஆறு விநாடியையும் வெட்டி, ஓயாமல் திரும்ப ஓடும்படி செய்து அனுப்பினேன். என் தொழிலால் முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்த நாள் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஒன்பது மணிக்கு அப்பா கைபேசியை எடுத்தார்.

"முறைப்பாடு முடிஞ்சுதே, சேர். காசு வரேல்லையோ?"

"வந்தது. விபரமெல்லாம் சரியாப் பதிஞ்சு கிடக்கோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும்."

"தடிமன் எப்பிடி, சேர்?"

"இருக்கு, பிள்ளை."

"சரி, சேர்." பிரேமினி அட்டை இலக்கம் கேட்கவில்லை, பிறந்த திகதி கேட்கவில்லை. "தாயாரின்ர முழுப்பெயர்?"

அப்பா துவாயை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டு எழும்பி நின்றார்.