எண்பத்து மூன்று பேருக்கு ஒரு பிறேமினி

குகநாதனுக்கு ஐம்பத்தேழு வயது. லண்டனின் மோர்டனில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். நியமனக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் அவர் பார்த்துக்கொள்வது மனிதர்களை. கணினி தன்னை ஒருநாளும் கோபப்படுத்தியதில்லை என்று சொல்வார். சொல்லும்போது கோபமாகத்தான் இருப்பார்.

ஊரில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவருக்குப் பட்டம் கிடைப்பதற்கு முன் லண்டன் கிடைத்துவிட்டது. பதினொரு ஆண்டுகள் பெற்றோல் நிலையத்தில் நின்றபடியே பகுதிநேரமாகக் கணினி படித்தார். மிகுந்த பொறுமைசாலி என்றும் பொறுமையே இல்லாதவர் என்றும் இரண்டு பெயர் எடுத்தவர். முதலாவது அலுவலகத்தில், இரண்டாவது வீட்டில். அங்கே செலவழித்ததுபோக மிஞ்சியதுதான் தனக்கு வந்துசேர்கிறது என்பது மனைவி அருள்நாயகியின் விளக்கம்.

நிறுவனத்தின் சொந்தக்காரி கனகாம்பிகை. குகநாதனைவிட ஒரு வயது இளையவர். சம்பளம் தருகிறவர் என்பதால் அவருக்கும் அக்கா. மோர்டனிலிருந்து ஹவுன்ஸ்லோ வரை தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு எண்பத்து மூன்று பராமரிப்பாளர்களை அனுப்புகிறார். அவர்கள் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்துக் குளிசை கொடுத்துவிட்டு, செய்ததைக் கைபேசியில் ஓர் இணையத்தளத்தில் பதிய வேண்டும். வீட்டில் இருக்கும் தாளிலும் ஒரு கையெழுத்து. வேலை உள்ளூராட்சிக் கவுன்சிலின் ஒப்பந்தத்தில் நடக்கிறது.

வைகாசி தொடக்கத்தில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு பணியாளரும் தன் சொந்த அலுவலக மின்னஞ்சலால் ஒருமுறை உள்நுழைய, அந்த ஒரே நுழைவில் எல்லாத் தளங்களும் திறக்கும்படி செய்ய வேண்டும். ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். இல்லையேல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

"குகன், இது உம்மட சாமான். என்னெண்டு பாரும்," என்று கனகாம்பிகை கடிதத்தை நீட்டினார்.

பக்கத்தில் மகன் தர்சிகன் நின்றிருந்தான். ஏதோ வங்கியில் வேலை. தாயின் நிறுவனத்துக்கு இலவச ஆலோசகன்.

"இட்ஸ் ஈஸி, அங்கிள். ஒரு மத்தியானம் போதும். ஏலாட்டிச் சொல்லுங்கோ, எனக்குத் தெரிஞ்ச ஒரு கொம்பனி இருக்கு. கொம்பியூட்டர் வேலை முழுக்க அவங்களே எடுத்துச் செய்வாங்கள்."

முழுக்க என்பதில் குகநாதனின் நாற்காலியும் அடக்கம். அவருக்கு அது உடனே விளங்கியது. கனகாம்பிகைக்கும் விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஐம்பத்தேழு வயதில், பாதிக் கணிதப் பட்டத்தோடு லண்டனில் வேலை தேடுவது எப்படியென்று குகநாதன் அன்று பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு எந்தப் பக்கத்தாலும் சரிவரவில்லை.

உண்மையில் தர்சிகன் சொன்னது சரி. அது ஒரு மத்தியான வேலைதான், எண்பத்து மூன்று பேரும் எண்பத்து மூன்று பேராக இருந்திருந்தால். ஆனால் அந்த இணையத்தளத்தைப் பொறுத்தவரை நிறுவனத்தில் வேலை செய்தவர் ஒரே ஒருவர். அவர் பெயர் பிறேமினி.

பிறேமினி முன்பு அலுவலகத்தை நடத்தியவர். தளத்தை வாங்கியபோது தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, மற்றவர்களுக்கு அடுத்த கிழமை திறப்பதாகச் சொன்னார். அந்தக் கிழமை வரவில்லை. எல்லோரும் அவருடைய கணக்காலேயே உள்ளே போய்ப் பழகிவிட்டார்கள். கடவுச்சொல் கனகாம்பிகையின் மகள் ஜதுர்ஷிகாவின் பெயரும் பிறந்த ஆண்டும். மறக்க ஏலாது, ஒளிக்கவும் ஏலாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பிறேமினி கனடாவுக்குப் போனார். கணக்கு போகவில்லை.

குகநாதன் இதை அறியாதவர் அல்லர். வருடத்துக்கு மூன்று தரமாவது கேட்டிருக்கிறார்.

"அக்கா, எல்லாருக்கும் தனித்தனி லொகின் வேணும்."

"ஏன் குகன், ஆரில சந்தேகம்?"

அந்த அலுவலகத்தில் தனிக் கடவுச்சொல் என்பது தனியே சமைத்துச் சாப்பிடுவது மாதிரி; குடும்பத்துக்குள் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஒருமுறை புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் தனிக் கணக்குத் திறந்துகொடுத்தார். தன்னை நம்பவில்லை என்று அவள் அழுதாள். அதன்பிறகு குகநாதனும் பிறேமினியாகவே உள்ளே போய்வந்தார்.

ஆகவே பதிவுகளின்படி, லண்டனிலேயே கடினமாக உழைக்கும் பெண் பிறேமினி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவர் பத்தொன்பது வீடுகளில் ஒரே நேரத்தில் குளிசை கொடுத்திருந்தார். கோலியர்ஸ் வுட்டில் ஒருவரைக் குளிப்பாட்டிய அதே நிமிடத்தில் ஹவுன்ஸ்லோவில் இன்னொருவருக்குக் கஞ்சி. நான்கு ஆண்டுகளில் ஒருநாள் லீவு கிடையாது.

முதல் இரண்டு கிழமைகள் மின்னஞ்சல் திறப்பதில் போயின. அலுவலக மின்னஞ்சல் எவரிடமும் இல்லை; அதைத் திறக்கச் சொந்த மின்னஞ்சல் ஒன்று வேண்டும். சொந்த மின்னஞ்சல் இருந்தவர்களுக்கும் அது பிள்ளைகளிடம் இருந்தது. மன்னாரிலிருந்து வந்து பங்குக் கோயில், வேலை, வீடு என்று மூன்றே இடங்களில் வாழும் மேரிறோஸ், பள்ளிக்கூடத்தில் இருக்கும் பேரன் வந்தால்தான் தன் மின்னஞ்சல் திறக்கும் என்றார். அவன் நான்கு மணிக்கு வந்தான். அவனுக்குக் கால்பந்துப் பயிற்சி. குகநாதன் மைதானத்துக்கே போய்க் கடவுச்சொல்லை வாங்கிவந்தார். இப்படி எண்பத்து மூன்று.

மூன்றாவது கிழமை, செவ்வாய்க்கிழமை, எல்லாம் தயார். தளத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் மிச்சம். அழுத்தினார். தினசரி உள்ளே போகக் கடவுச்சொல் போதும். பாதுகாப்பு அமைப்பை மாற்றுவதென்றால் மட்டும் கணக்குக்கு உரியவரின் கைபேசியில் தோன்றும் ஆறு இலக்கங்கள் வேண்டும் என்றது திரை. அந்த இலக்கங்கள் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும். கைபேசி கனடாவில், ஸ்காபரோவில்.

தளத்தை விற்ற நிறுவனத்துக்குப் போன் எடுத்தார். உரியவரின் அடையாள ஆவணத்தோடு விண்ணப்பித்தால் பத்து வேலைநாளில் மாற்றித் தரலாம் என்றார்கள். இருந்தது மூன்று நாள்.

"அக்கா, பிறேமினிக்கு ஒருக்காப் போன் எடுக்கோணும்."

"நான் எடுக்கமாட்டன்," என்றார் கனகாம்பிகை. "என்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு வராதவள்."

அதுதான் பழைய வழக்கு. மகள் பெரியபிள்ளையான சடங்குக்கான அழைப்பிதழைக் கனகாம்பிகை அலுவலகத்தில் வைத்துப் பிறேமினியின் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லாத அழைப்பு அழைப்பே அல்ல என்று பிறேமினி போகவில்லை. ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் முன்னால் இருக்கிறவளுக்கு வீட்டை போய்ச் சொல்லவேணுமோ என்பது கனகாம்பிகையின் கட்சி. அன்றிலிருந்து பேச்சில்லை. பேசாதிருந்த கடைசி மூன்று மாதமும் பிறேமினி தினமும் காலையில் ஜதுர்ஷிகாவின் பெயரைத் தட்டித்தான் வேலையைத் தொடங்கினார்.

குகநாதனே எடுத்தார். பிறேமினி அன்பாகத்தான் பேசினார், விஷயத்தைக் கேட்கும்வரை.

"குகன் அண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ. இன்னும் என்ர பேரிலயோ உள்ளுக்க போறியள்?"

"ஓம்."

"ஆர் ஆர்?"

"எல்லாரும்."

"நான் இஞ்ச நேர்ஸிங் லைசென்சுக்கு அப்ளிகேஷன் போட்டிட்டு நிக்கிறன். அங்க ஆரும் ஒரு கிழவருக்குக் குளிசையை மாறிக் குடுத்தால், குடுத்தது நானோ?"

குகநாதன் இதை யோசித்ததே இல்லை. நான்கு ஆண்டுகளாகத் தன் எரிச்சலையே பெரிது என்று நினைத்திருந்தவருக்கு, அதைவிட நியாயமான எரிச்சல் ஒன்றைச் சந்திப்பது சங்கடமாக இருந்தது.

"நம்பர் தாறன்," என்றார் பிறேமினி. "ரெண்டு விஷயம். நான் போன நாளுக்குப் பிறகு உள்ளது ஒண்டும் நான் செய்யேல்லை எண்டு எழுத்தில வேணும், கொம்பனிக் கடிதத்தில, கையெழுத்தோட. மற்றது, அக்கா எடுத்துக் கேக்கோணும். நீங்களில்லை."

கடிதம் சுலபமாக இருக்குமென்று குகநாதன் நினைத்தார்; அதற்குத்தான் ஒரு நாள் முழுக்கப் போனது. நாங்களே எங்களுக்கு எதிராக எழுதிக் கொடுப்பதோ என்று கனகாம்பிகை கத்தினார். தர்சிகன் 'லீகல்' என்ற சொல்லை ஏழு தடவை சொன்னான். கடைசியில் குகநாதன் நாட்காட்டியைக் காட்டினார். கனகாம்பிகை கையெழுத்திட்டுவிட்டு, போனையும் வாங்கினார்.

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணி, ஸ்காபரோவில் காலை பத்து. போன் மேசையில், ஒலிபெருக்கியில். குகநாதன் விசைப்பலகையில் விரல்களை வைத்துக் காத்திருந்தார்.

"பிறேமினியே? நான் அக்கா கதைக்கிறன்."

"சொல்லுங்கோ அக்கா. சுகமாய் இருக்கிறியளே?"

"இருக்கிறன். பிறஷர்தான். அம்மா எப்பிடி?"

அம்மா, அம்மாவின் முழங்கால், முழங்காலைப் பார்த்த டொக்டர், டொக்டர் எந்த ஊர். குகநாதன் நம்பர் என்று கையால் சைகை காட்டினார். கனகாம்பிகை அவரைப் பொருட்படுத்தவில்லை. பிறேமினி தானாகவே, "அண்ணை, எழுதுங்கோ. நாலு, ரெண்டு, ஒன்பது… அது சரி, ஜதுர்ஷிகா இப்ப என்ன செய்யிறா?" என்றார்.

"சோதினை எடுக்கிறாள். உம்மைக் கேக்கிறவள்."

மிச்ச மூன்று இலக்கம் வருவதற்குள் முதல் மூன்றும் செத்துவிட்டன. அடுத்த தடவை ஐந்து இலக்கம் வந்தது. ஆறாவதுக்கு முன் யாரோ ஒருவருடைய கலியாணம் குறுக்கிட்டது. அதற்கடுத்த தடவை ஆறும் வந்தன, ஆனால் பக்கம் நெடுநேரம் சும்மா இருந்ததென்று அவரை வெளியே தள்ளியிருந்தது. மறுபடி ஜதுர்ஷிகாவின் பெயரைத் தட்டி உள்ளே போனார்.

இருபதாவது நிமிடத்தில் கனகாம்பிகை குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கார்ட், நான் வீட்டை வந்து தராதது பிழையெண்டு இவர் குகன் சொல்லுறார்."

குகநாதன் வாழ்நாளில் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் தலையாட்டினார், ஒலிபெருக்கியில் அது கேட்கும் என்பதுபோல.

"விடுங்கோ அக்கா, அது பழசு," என்றார் பிறேமினி. "அண்ணை, இப்ப கெதியா. எட்டு, சைபர், மூண்டு, மூண்டு, ஏழு, ஒண்டு."

பொத்தான் பச்சையானது. அதற்குப் பிறகும் அக்காவும் தங்கையும் நாற்பது நிமிடம் பேசினார்கள்.

ஐந்து மணிக்கு முன்பே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் மேரிறோஸ்.

"தம்பி, நான் பிறேமினியாப் போகப் பாக்கிறன், விடுகுதில்லை."

"இனி நீங்கள் மேரிறோஸாத்தான் போகோணும் அக்கா."

"ஐயோ மாதாவே, நான் என்ன பிழை விட்டனான்?"

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு மீன் ரோல்ஸ் சாப்பிட்டார். ஒரு பராமரிப்பாளர் அவர் முன்னாலேயே ஒருமுறை உள்நுழைய, ரோட்டா எனும் வேலை அட்டவணை, மருந்துப் பதிவு எல்லாம் வரிசையாகத் திறந்தன. எல்லாம் சரி என்று அவர் எழுதப்போகும் நேரம். பிறேமினிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி குகநாதனின் கோப்பில் இருந்தது. அதைக் காட்டவேண்டாம் என்று கனகாம்பிகை காலையிலேயே சொல்லியிருந்தார். காட்டினால் ஒப்பந்தம் போகலாம், நாற்காலியும் போகலாம். காட்டாவிட்டால், ஒருநாள் யாராவது கேட்கும்போது, ஒரே நேரத்தில் பத்தொன்பது வீட்டில் நின்ற பெண்ணே ஸ்காபரோவிலிருந்து பதில் சொல்லவேண்டி வரும்.

குகநாதன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் வீரம் எதுவும் இல்லை. இன்னொரு தடவை இதே விஷயத்துக்காக எரிச்சல்பட அவரிடம் தெம்பில்லை.

அதிகாரி அதை வாசித்து, பழைய பதிவுகளையும் பார்த்தார். இந்தப் பெண் நித்திரையே கொள்வதில்லையா என்று கேட்டார். கனகாம்பிகை யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

முடிவு திங்கட்கிழமை வந்தது. ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மட்டும். நிபந்தனை: கடந்த ஓராண்டில் பிறேமினியின் பெயரில் உள்ள மருந்துப் பதிவுகளை, வீடுகளில் கையெழுத்திட்ட தாள்களோடு ஒப்பிட்டு, உண்மையில் கொடுத்தது யார் என்று எழுத வேண்டும். கருணையோடு, ஒவ்வொரு மாதத்தின் முதல் கிழமை மட்டும் போதும் என்றிருந்தார்கள். அது பதினெட்டாயிரம் பதிவு. தாள்கள் கனகாம்பிகையின் கராஜில், திகதி இல்லாத பெட்டிகளில்.

தர்சிகன் தனக்குத் தெரிந்த கொம்பனியைக் கேட்டுப் பார்த்தான். பெட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர்கள் நன்றி சொல்லி ஒதுங்கிவிட்டார்கள்.

"கன்கிராஜுலேஷன்ஸ், அங்கிள். யூ ஆர் சேஃப்," என்றான்.

குகநாதன் முதல் பெட்டியைத் திறந்தார். முதல் தாளில் கையெழுத்து என்று ஒரு வட்டமும் ஒரு கோடும் இருந்தன. தாளிலிருந்த வீட்டு முகவரியை வைத்து ஆளை ஊகித்துக்கொண்டு மேரிறோஸுக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, போன வருஷம் ஆனி மூண்டாம் திகதி காலமை, கோலியர்ஸ் வுட்டில ஜெராட் ஐயாவுக்குக் குளிசை குடுத்தது ஆர்?"

"கொம்பியூட்டரில ஆரெண்டு கிடக்கு?"

"பிறேமினி எண்டு."

"அப்ப அவதானே, தம்பி. பிறகேன் என்னைக் கேக்கிறீர்?"