வெள்ளைப் பொட்டு வைத்த மரங்கள்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு வேனில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு லொறி, நிறைய யூகலிப்டஸ் கட்டைகள். மழையில் நனைந்த பச்சை மரத்தின் தைல வாசனை, கண்ணாடியை மூடிய பிறகும் உள்ளே நின்றது. பக்கத்தில் இருந்தவர் ஆழமாக மூச்சிழுத்து, "சளிக்கு நல்லதுங்க" என்றார். நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கிளாக்கராக இருந்தவன். எண்ணெய் தட்டுப்பாடான வருடம் பொய்லரை விறகுக்கு மாற்றினார்கள். அதன் பெருமையை நான் பேசாத இடமில்லை, நண்பரே. எண்ணெய் கப்பலில் வரவேண்டும், விறகு, இதே யூகலிப்டஸ், நம் மலையிலேயே நிற்கிறது. வெட்டினாலும் அடிக்கட்டை துளிர்க்கும். சாம்பல்கூட கரட் பாத்திக்கு உதவும். கல்யாண வீடுகளிலும் இதையே பேசி ஆட்களைக் கொட்டாவி விட வைத்திருக்கிறேன். பேசியதில் பொய்யில்லை. தொழிற்சாலை மூடாமல் ஓடியது அந்த விறகால்தான்.

பொய்லருக்கு விறகு தள்ளியவர் அந்தோனி அண்ணன். "காஞ்ச கட்டையா அனுப்புங்க தம்பி, பச்சக் கட்டை நெஞ்சுக்குள்ளதான் எரியுது" என்று இருமிக்கொண்டே சொல்வார். எந்த மரத்தை வெட்டுவது என்று குறிப்பது என் பொறுப்பு. ஒரு டின் வெள்ளைப் பெயின்ட், ஒரு பிரஷ். நான் பொட்டு வைத்த மரம் அந்த வாரம் தாண்டாது. அந்த வயதில் அது எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

அந்தோனி அண்ணன் குடியிருந்த லயத்துக்கு, ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் கொண்ட அந்த வரிசைக்கு, நேர் மேலே செங்குத்துச் சரிவில் பன்னிரண்டு மரங்கள் நின்றன. ஒரு நாள் அவர் மனைவி செபமாலை அக்கா கொழுந்துக் கூடையோடு என்னை வழிமறித்தார்.

"தம்பி, எங்க லயத்துக்கு மேல நிக்கிறதுக்கு மட்டும் பொட்டு வச்சிறாதீங்க. அதுங்கதான் மண்ணப் புடிச்சிக்கிட்டு நிக்கிது."

"வைக்க மாட்டேன்க்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த ஐப்பசி மழை விடவேயில்லை. காய்ந்த விறகு தீரப் போனது. தூரத்துக் காட்டுக்கு லொறி ஏறவில்லை. வாட்டுத் தொட்டிகளில் பறித்த கொழுந்து, காயவைக்க வழியில்லாமல் சூடேறிக் கெட்டுக்கொண்டிருந்தது. "ரோட்டுக்குக் கிட்ட நிக்கிறத வெட்டச் சொல்லுங்க, இருக்கிற காஞ்சதோட கலந்து எரிப்போம்" என்றார் தொழிற்சாலையை நடத்திய டீமேக்கர். ரோட்டுக்குக் கிட்ட நின்றவை அந்தப் பன்னிரண்டும்தான். துளிர்க்கும், துளிர்க்கும் என்று முணுமுணுத்தபடி பொட்டு வைத்தேன். அந்தக் கட்டைகளை அந்தோனி அண்ணனே பொய்லருக்குள் தள்ளினார். எங்கே வெட்டியது என்று கேட்கவில்லை. தெரியாமலா இருந்திருக்கும்?

சில அடிக்கட்டைகள் துளிர்க்கவும் செய்தன. மற்றவை அழுகின. இரண்டு மூன்று மழைக்காலம் போனது. பிறகு லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் செம்மண்ணாக வரத் தொடங்கியது. அக்கா வீட்டுக் குசினிக் கதவு மூட மறுத்தது. தரையில் ஓடிய வெடிப்புக்குள் விரலை விட்டுக் காட்டினார். "போன மாசம் நகம் மட்டுந்தான் உள்ள போச்சு தம்பி." நான் கடிதம் எழுதினேன். அதிகாரிகள் வந்தார்கள், இந்த இடத்தை விட்டுப் போங்கள் என்று சிங்களத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். எங்கே போவது என்று அதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லயத்து ஆட்கள் எல்லோரும் கோயிலில் பூசையில் இருந்தபோது மலை இறங்கியது. விடியும் வரை பொய்லரில் நின்றுவிட்டு வந்த அந்தோனி அண்ணன் மட்டும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆறு வீடுகளும் இல்லை, பீலியும் இல்லை. தொழிற்சாலையையும் பிறகு மூடிவிட்டார்கள். தெரியாதவர் பார்த்தால் அங்கே ஒரு புல் மேடு, அவ்வளவுதான்.

போன மாதம் ராகலை பஸ் தரிப்பிடத்தில் செபமாலை அக்காவைக் கண்டேன். ஓடி ஒளியத்தான் தோன்றியது. அவரே கூப்பிட்டார். பிள்ளைகளை விசாரித்தார், என் நரையைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸில் ஏறக் காலை வைத்தவர், திரும்பினார்.

"தம்பி, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பன்னெண்டு மரமும் எத்தன நாளைக்கி எரிஞ்சிச்சி?"

யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

"ரெண்டு நாளைக்கி, அக்கா."