வால் எலும்புக்கு ஒரு கண்ணாடி நார் சீட்டு

சேலத்து ஆஸ்பத்திரியின் நீளமான நடையில் சுவரோரமாகப் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கை ஒடிந்தவன், கண்ணில் கட்டுப் போட்டவன், இருமிக்கொண்டே அடுத்தவனிடம் பீடி கேட்டவன் என்று எல்லாரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் நின்றேன். யானைக்கால் வீங்கிய ஒரு கிழவர் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க சாமி, எந்நேரம் நிப்பீங்க" என்றார். அந்தக் காலோடு இருந்த மனிதரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. உட்கார்ந்திருக்கிறாரே என்று.

இந்த நோய் வந்தவர்களுக்கு நான் சொல்வது இதற்குள் புரிந்திருக்கும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிளகு மூட்டையின் மேல் ஊர்ப்பெயரை மையால் எழுதி எழுதியே எழுத்துப் பழகினேன். கொல்லிமலைக்கு ரோடு வராத காலத்தில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தலைச்சுமையாக உப்பும் கருவாடும் ஏற்றி, மிளகும் தேன்மெழுகும் இறக்கியவன். எனக்கு யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ரோடு வந்ததும் மலையில் முதல் மோட்டார் சைக்கிள் வாங்கியவனும் நான்தான். வேறு யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். பட்டாளத்தில் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்தேன். அதன் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே ஊர்களில் மிளகை வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள்.

அந்த வண்டியின் சீட்டு இரும்புத் தகடு, அதன் மேல் ஒரு தோல், அவ்வளவுதான். மலைப்பாதையில் அது நம்மைத் தூக்கிப் போட்டுத் திரும்பப் பிடிக்கும். வால் எலும்புக்கு (முதுகுத்தண்டின் கடைசித் துண்டு) மேலே முதலில் ஒரு மொச்சை அளவு வீக்கம் வந்தது. சூட்டுக் கட்டி என்று விளக்கெண்ணெய் தடவினேன். என் மனைவி பாவாயி மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். உடைந்தது, ஆறியது, மறுபடியும் வந்தது. வரும்போதெல்லாம் முன்பைவிடப் பெரிதாக வந்தது.

ஒரு நாள் ஆலத்தூர் நாட்டிலிருந்து (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) திரும்புகையில் உட்காரவே முடியவில்லை. வழி முழுக்க நின்றுகொண்டே வண்டியை ஓட்டினேன். தினைக்காட்டில் இருந்தவர்கள் நான் வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு ஒரு கையை விட்டு ஆட்டினேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போது வேட்டியெல்லாம் சீழும் ரத்தமுமாக இருந்தது.

சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு, "பைலோனிடல் சைனஸ்" என்றார் (பிட்டப் பிளவில் முடி உள்ளே புகுந்து, தோலுக்கு அடியில் குடைந்துகொண்டு போகும் சீழ்ப்பாதை). "சண்டைக் காலத்துல ஜீப் ஓட்டின சோல்ஜருங்களுக்கு இது நிறைய வந்துது. ஜீப் வியாதின்னே பேர் வெச்சுட்டாங்க."

பட்டாளத்து வியாதி என்றதும் எனக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்தது. "எனக்கு மோட்டார் சைக்கிள்ல வந்துதுங்க டாக்டர்" என்றேன்.

"எதுல வந்தா என்ன, கவுந்து படுங்க."

முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு யாரோ மறந்து விட்டுப்போன மூட்டைபோலக் கிடந்தது. கெட்டுப்போன சதையை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புண்ணை மூடாமல் விட்டார்கள். தையல் போட மறந்துவிட்டார் என்று நினைத்து நான் டாக்டரிடமே நினைவுபடுத்தினேன். அவர் கோபிக்கவில்லை. "தைச்சா மேல மூடிக்கும், உள்ள மறுபடியும் சீழ் பிடிக்கும். அடியிலேருந்து சதை வளந்து தானா மேல வரணும். அது வரைக்கும் உக்காரக் கூடாது. ஆறின பிறகும் அந்தப் பழைய சீட்டுல உக்காந்தா திரும்ப என்கிட்டதான் வருவீங்க" என்றார்.

இதே நோய் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலே ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்தில் நனைத்த காஸ் துணியைக் குழிக்குள் தளர்வாக வைத்துத் தினமும் மாற்ற வேண்டும். சுற்றி முடி வளரவிடக் கூடாது. அந்த இடத்தை நீங்களே பார்த்துச் செய்துகொள்ள முடியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். எனக்குப் பாவாயி செய்தாள்.

மலைமேல் செம்மேட்டு வீட்டில் மாதக்கணக்கில் குப்புறக் கிடந்தேன். மிளகு வாங்கும் பருவம் வந்தது. அப்போதுதான் செங்கோடன் வந்தான். பாவாயியின் தம்பி. மதராஸில் படகு செய்யும் ஒரு பட்டறையில் வேலை. கண்ணாடியை நூலாக்கி, அந்த நூலைக் கம்பளிபோலப் பரப்பி, மேலே பிசின் ஊற்றிக் காயவைத்து அங்கே படகு செய்வார்களாம். அக்காள் புருஷனுக்கு முடியவில்லை என்று லீவில் வந்தவன், என் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டான். எடுக்கச் சொன்னது நான்தான். வேறு வழி?

காலையில் என் வண்டி என் காதருகே கிளம்பிப் போகும். கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே எந்த வளைவில் போகிறான் என்று படுத்த இடத்திலிருந்து சொல்லிவிடுவேன். நான் திணறும் ஏற்றத்தில் அவன் திணறவில்லை. அதுவும் காதில் விழும்.

சாயங்காலம் பாவாயி புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே பேசுவாள். "குண்டூர் நாட்டுல எல்லாரும் செங்கோடனைக் கூப்புட்டு உக்கார வெச்சுக் களி போட்டாங்களாமுங்க."

"எனக்குந்தான் போட்டிருக்காங்க."

"உங்களுக்குத் தண்ணி குடுத்தாங்க. நீங்கதான் களின்னு நெனச்சுக்கிட்டீங்க. அசையாதீங்க, துணி உள்ள போகோணும்."

நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இருபது வயதில் இந்த மலையில் ஏறி, ஒவ்வோர் ஊராகப் பேசிப் பழகிச் சம்பாதித்த வாசல்கள் அவை. நேற்று வந்தவனை அங்கே உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். உட்கார வைத்து! எனக்கு அந்தச் சொல்தான் குத்தியது.

நான் திரும்ப வண்டி ஏறாவிட்டால் அந்த ஊர்கள் அவனுக்குத்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரியும்.

செங்கோடன்தான் பேச்சை எடுத்தான். "மாமா, சீட்டை மாத்துனாப் போதுமுங்க. உங்க உடம்புக்கு அளவா அச்சு எடுத்து, கண்ணாடி நாருல ஊட்டுலயே செஞ்சர்லாம். வால் எலும்பு வர்ற எடத்துல குழி உட்டுட்டா எலும்புல ஒண்ணுமே படாது. பட்டறையில சொல்லி மீந்த நாரும் பிசினும் வாங்கியாரேன்."

"அச்சு எப்படி எடுப்ப? நான்தான் உக்காரக் கூடாதே."

"ரெண்டு பேருக்கும் ஒரே வாட்டந்தானுங்க. ஈரக் களிமண்ணுல உங்களுக்குப் பதிலா நான் உக்காந்து எந்திரிச்சர்றேன்."

"என்ற சீட்டுல உன்ற குண்டி எதுக்குடா?" என்றேன்.

பாவாயி சிரித்த சிரிப்பில் அடுப்படியில் கோழி பறந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி போயிற்று, ஊர் போயிற்று, இனி சீட்டிலும் அவன் உருவமா? "குப்புறக் கெடக்கறேனே, என்ற மேல மண்ணை அப்பி அச்சு எடு. கட்டு மேடா இருக்குதல்ல, அது மண்ணுல தானாக் குழி உட்டுரும்" என்றேன். அந்த யோசனை எனக்குப் பட்டதே தவிர அவனுக்குப் படவில்லை பாருங்கள்.

அவன் தயங்கினான். "படுத்த ஒடம்பு வேற, உக்காந்த ஒடம்பு வேறயுங்க மாமா."

"என்ற ஒடம்பு எனக்குத் தெரியும்."

கட்டின் மேல் ரப்பர் துணி போட்டு, வயல் களிமண்ணைப் பிசைந்து அப்பினார்கள். இறுகும்வரை அசையாமல் கிடந்தேன். அடுப்பில் ஏற்ற மண் பூசிய பானைபோல இருப்பதாகப் பாவாயி சொன்னாள். அச்சு நிழலில் காய்ந்ததும், மண்ணில் பிசின் ஒட்டாமல் இருக்க, நான் வாங்கி வைத்திருந்த தேன்மெழுகை உள்ளே பூசினான் செங்கோடன். பட்டறையில் அதற்கென்று டப்பாவில் வேறு மெழுகு வருமாம். மலைத்தேன் மெழுகுக்கு அது ஈடாகுமா?

நாரை வெட்டிப் பரப்பி, பிசினில் கெட்டியாக்கும் மருந்தைக் கலந்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஊற வைத்தான். மூக்கை எரிக்கும் வாசனை. நார்த்தூள் பட்டால் தோல் அரிக்கும், புண்ணுக்கு ஆகாது என்று என்னை உள்ளறைக்கு மாற்றிவிட்டு எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் வைத்துச் செய்தான். ஆனால் மலை மஞ்சில் பிசின் இறுகவில்லை. இரண்டு நாளாகியும் பலாப்பால்போலப் பிசுபிசுத்தது. கேழ்வரகு காயப்போடும் பாறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வெயில் ஏறிய பாறையில் வைத்ததும் அன்றே கல்லாக இறுகியது. மதராஸ்காரனுக்கு அந்தப் பாறை தெரியாது.

தேங்காய் நாரும் இலவம் பஞ்சும் வைத்து, கறுப்பு ரெக்ஸின் போர்த்தி வண்டியில் மாட்டினார்கள். அக்கம்பக்கத்தவர் வந்து தட்டித் தட்டிப் பார்த்தார்கள். நான் சன்னலில் சாய்ந்து நின்று, செய்தவிதத்தை அவர்களுக்கு விளக்கினேன்.

புண் கடைசியில் அடியிலிருந்து எழும்பி மூடியது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக உட்காரலாம் என்றார். வீடு திரும்பியதும் நேராக வண்டியில் ஏறினேன்.

உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. இரண்டு பக்கமும் கிடுக்கிபோலப் பிடித்தது. குழி எங்கோ பின்னால் கிடந்தது. தழும்பு நேராக விளிம்பில் போய் இடித்தது. படுத்திருக்கும்போது சதை மேலே குவிந்திருக்கும், உட்கார்ந்தால் அது பரந்து எலும்பு கீழே இறங்கும். படுத்த உடம்பு வேறுதான்.

செங்கோடன் "அன்னிக்கே சொன்னேனே" என்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். அவனோ திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான். அதுதான் அதிகம் எரிந்தது.

அந்தச் சீட்டைப் பாவாயி கோழிக்கு அடைவைக்க எடுத்துக்கொண்டாள். கோழி அதில் வாரக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து ஒரு முட்டைகூடப் பாழாகாமல் பொரித்தது. என் உடம்பில் எடுத்த அச்சில் ஒரு கோழி சுகமாக உட்கார்ந்திருப்பதை நான் ஓரத்தில் நின்றுகொண்டு பார்த்தேன்.

இரண்டாம் முறை மரப்பெட்டியில் களிமண்ணை நிரப்பினான். நானே உட்கார்ந்தாக வேண்டும். ஒரு பக்கம் பாவாயி, மறுபக்கம் அவன் கழுத்தில் என் கை. அந்தக் கழுத்தை நெரிக்கத் தோன்றிய நாட்கள் உண்டு. அன்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மெல்ல இறங்கினேன். சில்லென்று மண் என்னை வாங்கிக்கொண்டது. எங்கும் குத்தவில்லை, எதுவும் இடிக்கவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் உட்கார்ந்திருந்தேன்.

என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, "குழி எங்க உடோணும் மாமா? சரியா எந்த எடம்?" என்று கேட்டான்.

பின்னால் கையை விட்டுத் தடவினேன். தெரியவில்லை. தழும்பில் உணர்ச்சியே இல்லை. விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது, உடம்புக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. என் உடம்பில் எனக்கே தெரியாத ஓர் இடம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"தள்ளுங்க ரெண்டு பேரும்" என்றாள் பாவாயி. என் முதுகைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள், அச்சை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கட்டைவிரலை மண்ணில் வைத்து ஆழமாக அழுத்தினாள். "இங்க. இவ்வளவு ஆழம் இருந்துது மொதல்ல."

தினமும் அந்தக் குழியில் துணி வைத்தவள் அவள்தான். நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. என்னுடையதை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறதே என்று, உண்மையைச் சொன்னால், அவள் மேலும் பொறாமை வந்தது.

அந்தச் சீட்டுத்தான் இன்று வரை என் வண்டியில் இருக்கிறது. பஞ்சையும் நாரையும் இரண்டு முறை மாற்றியாயிற்று. அடியில் கண்ணாடி நாரில் பாவாயியின் கட்டைவிரல் குழி அப்படியே இருக்கிறது. இப்படி ஒரு சீட்டு ஜில்லாவிலேயே கிடையாது. நோய் திரும்ப வரவில்லை.

திரும்பி வந்தது நான் மட்டுந்தான், முழுதாக அல்ல. தொடர்ந்து வெகுநேரம் என்னால் உட்கார முடியாது. முன்பெல்லாம் தூரத்தை மைலில் சொல்வேன். இப்போது எத்தனை முறை இறங்கி நிற்க வேண்டும் என்பதுதான் தூரம். சில வளைவுகளுக்கு ஒருமுறை நிறுத்தி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெரியும் வயலைப் பார்த்தபடி நிற்கிறேன். காலம் அங்கே போகிறது.

செங்கோடன் மதராஸுக்குத் திரும்பாமல் சொந்தமாக ஒரு வண்டி வாங்கிக்கொண்டான். குண்டூர் நாட்டு ஊர்களை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். நான் விட்டுக்கொடுத்தேன், அவன் எடுத்துக்கொள்ளவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆலத்தூர் நாடு என்னுடையது. அங்கேயும் சில வீடுகளில் மிளகை அளந்துகொண்டே, "தம்பி வரலீங்களா?" என்று கேட்கிறார்கள். "வராது" என்கிறேன்.

ரோட்டில் நான் நிற்கும்போது எதிரே அவன் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து என் பக்கத்தில் நிற்கிறான்.

"நீ ஏண்டா நிக்கற? உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"சும்மாதானுங்க மாமா."

சும்மா நிற்க முடிகிறது அவனால். அதற்கும் எனக்கு வயிறு எரிகிறது. கொஞ்ச நேரம் இருவரும் வயலைப் பார்த்தபடி நிற்கிறோம். பிறகு, அவன் தன் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், நான் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.