பலித்த லேகியம்

எங்கள் ஊர்கள் ஆந்திராவுக்கா, மதராஸுக்கா என்று திருப்பதி பஸ் முழுக்க வாக்குவாதம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர் மட்டும் அதில் சேரவில்லை. மடியில் லேகிய டப்பா. கை ஓயாமல் மீசையை முறுக்கியது.

“சம்சாரத்துக்குங்க. புள்ள பொறக்கணும்னு முருங்கைக்கீரை, எள்ளுருண்டைன்னு துன்னுக்கினுதான் கீறா. ஒண்ணும் ஆகல.”

“நீங்களும் சாப்பிடலாமே?” என்றேன்.

மீசை விறைத்தது. “எனக்கு இன்னா கொறை? இவ ரெண்டாவது. மொதல் சம்சாரமும் இதே லேகியத்தைத்தான் துன்னா. புள்ள இல்லன்னு அனுப்பிட்டேன்.”

“அவங்க இப்போ?”

“நாகலாபுரத்துல வேற ஒருத்தனைக் கட்டிக்கினா. ரெண்டு புள்ள.” டப்பாவைப் பெருமையாகத் தட்டினார். “லேகியம் சும்மாவா?”

அந்த பஸ்ஸில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் பயணம் செய்தவர் அவர் ஒருவர்தான்.