பாறையடியில் ஒரு கறை

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக்கூடிய ஆள் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் கிடையாது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் பேப்பர் படிப்பேன். ஆனாலும் பிற்காலத்தில் ஹட்டன் டவுனில் சொந்த ஸ்டூடியோ போட்டேன். என் கேமராவுக்கு முன்னால் நிற்காத கல்யாண ஜோடி இந்தப் பக்கத்தில் குறைவு. துரைமார் பங்களாவிலிருந்தே என்னைக் கூப்பிட்டு ஆள் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு படத்தைப் பார்த்து, அதுவும் நானே எடுத்த படத்தைப் பார்த்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நின்றேன் என்றால், அது லேசுப்பட்ட பயமாக இருந்திருக்காது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

அறுபதுக்கு முந்திய காலம். தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு வேலை. கல்யாணமாகி முதல் வருஷம். சீமைக்குக் கப்பலேறிய சின்னத்துரை ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன பெட்டிக் கேமரா, பங்களா சமையற்காரர் வழியாக என் கைக்கு வந்திருந்தது. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் ஜன்னலைச் சாக்கால் அடைத்து, விளக்கில் சிவப்புக் காகிதத்தைச் சுற்றி, சோறு தின்கிற தட்டுகளிலே மருந்தை ஊற்றி, பிலிம் கழுவ நானாகவே பழகினேன். எத்தனை பேருக்கு வரும் அந்தத் தைரியம்?

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் கேமராப் பைத்தியம் பிடித்த நாங்கள் நாலு பேர் கூடுவோம். ஸ்டூடியோ முதலாளி ஒருவர். மாதாகோயில் பூசை முடிந்து நேரே வரும் வாத்தியார் ஒருவர். பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஒருவர். நாலாவது நான். ஆளுக்கொரு படத்தை மேசையில் வைக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் குறை சொல்வார்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரைக்கும் படம் வைத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் எங்கள் சட்டம். மற்றவர்களுக்கு அது எப்படியோ, எனக்கு அது ஜெயில்.

முந்தின மாதம் நான் வைத்த என் மனைவியின் படத்தில், முகத்தை நாலு விளிம்புக்குள் போட்டு அமுக்கியிருக்கிறேன் என்று மூன்று பேரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். "ஆளச் சுத்தி எடம் விடுப்பா. அவ எங்க நிக்கிறான்னு தெரிய வேணாமா?" என்றார் முதலாளி. அதை மனதில் வைத்துக்கொண்டு, இந்த மாதத்துக் கூட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் மனைவியைக் கூடையோடு நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அவளுக்குப் பின்னால் மேல்பக்கம் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் பன்னைச் செடி அடர்ந்து இருட்டிக் கிடக்கும். பாறை முழுசாக விழ வேண்டும் என்பதற்காக, "இன்னும் கொஞ்சம் பின்னால போ புள்ள" என்றேன். போனாள். "இன்னும் கொஞ்சம்" என்றேன். அதற்கும் போனாள்.

ஞாயிறு காலையில் முதலாளியின் இருட்டறையில் அந்தப் படத்தை நானே பெரிதாக்கிப் போட்டேன். அவள் முகம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. என் கண் அதை விட்டு வேறெங்கும் போகவில்லை. ஈரம் காய்ந்ததும் ராஜா மாதிரி கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"பரவாயில்லையே, சொன்னதக் கேட்டிருக்கான். நல்லா எடம் விட்டிருக்கான்" என்றார் முதலாளி.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எடம் விட்டான் சரி. எடதுபக்கம் பாறைக்குக் கீழ என்ன இது, வெள்ளையா? தண்ணி காஞ்ச கறை. பிலிமை ஒழுங்காக் கழுவாமத் தொங்கப் போட்டிருக்கான்."

"ஆமாமா. எங்க ஆஸ்பத்திரிப் போத்தல்ல படியிற கறை மாதிரி இருக்கு" என்று சிரித்தார் டிஸ்பென்சர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் விரல் சுருங்கிப்போகிற வரைக்கும் பிடித்துக் கழுவிய பிலிம் அது. என் பிலிமில் கறையா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிஸ்பென்சர் சும்மா இருக்க மாட்டாமல் முதலாளியின் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த மூலையில் வைத்துப் பார்த்தார். "வாத்தியாரே, கறைக்கு வால் இருக்குமா?"

"நீங்க பாத்தா வால் என்ன, கொம்பே இருக்கும்."

"இல்லங்க, நெசமாத்தான். இந்தா பாருங்க. வெள்ளையில புள்ளி புள்ளியாக் கறுப்பு."

வாத்தியார் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அதை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி நெடுநேரம் குனிந்திருந்தார். "காது ரெண்டும் தெரியுது" என்று படத்துக்குச் சொல்வது போல மெல்லச் சொன்னார்.

நான் பூதக்கண்ணாடியைப் பிடுங்கவில்லை. பிடுங்கக் கை வரவில்லை. என் காதுக்குள் என் குரலே கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால போ புள்ள. இன்னும் கொஞ்சம். ஏழாம் நம்பரில் பாதி மலைதான் முடிந்திருந்தது. மிச்சத் தேயிலை நிரைகளைத் திங்கட்கிழமை எடுக்க வேண்டும். அவளுடைய நிரை அந்தப் பாறையை ஒட்டித்தான் ஏறும்.

"அது கறைதாங்க" என்றேன். சட்டத்தை மீறித்தான் பேசினேன். "நான் சரியாக் கழுவல. அவசரத்துல போட்டுட்டேன்."

மூன்று பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "இவன் வாயிலேர்ந்தா இது வருது?" என்றார் வாத்தியார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. என் வேலையில் குறை இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டது என் ஆயுசில் அந்த ஒரு நாள்தான்.

முதலாளி நல்ல மனுஷன். "இரு, கறையா இருந்தா கழுவினாப் போயிடும்" என்று பிலிமை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டார். முதுகுப் பக்கத்தைப் பஞ்சால் துடைத்தார். மறுபடி அலசினார். விசிறியால் விசிறிக் காயவைத்தார். அது வரைக்கும் நாங்கள் குடிக்காமல் வைத்திருந்த தேத்தண்ணீர் ஆடை கட்டிவிட்டது. நான் உள்ளுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். வாத்தியார் இருந்த இடம் என்பதால் மாதாவையும் கூப்பிட்டேன்.

அதையே திரும்பப் படமாக்க, இருட்டறையில் நாங்கள் நாலு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தட்டில் வெள்ளைத் தாள் மிதந்தது. கறுப்பாக இருக்கும் இடங்கள்தான் மருந்தில் முதலில் தெரியும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆயிரம் தடவை பார்த்ததுதான். பாறையடி இருட்டு வந்தது. அதற்கு நடுவில் புள்ளிகள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு கூட்டமாக. அப்புறம் ஒரு கண். படுத்திருந்த சிறுத்தை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகம் அதற்குப் பிறகுதான் தாளில் எழும்பி வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது நேத்துத் தம்பி. இந்நேரத்துக்கு எங்கயோ போயிருக்கும்" என்றார் வாத்தியார்.

"சாப்பாடு கெடைக்கிற எடத்த விட்டு எங்கயா போகும்?" என்ற டிஸ்பென்சர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் லயத்துக்கு ஏறுகிற பாதை ஏழாம் நம்பரின் கீழ்விளிம்பு வழியாகத்தான் போகிறது. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நாலு தேயிலைச் செடி தெரியும், அதற்கு அப்பால் வெள்ளை. சட்டைக்குள் படம் முதுகில் குத்தியது. நான் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே நடந்தேன். என் திறமைகளைப் பற்றித்தான் பேசினேன், வேறொன்றும் வாயில் வரவில்லை. எங்கோ ஒரு சருகு அசைந்தது. பேச்சு நின்றுவிட்டது. பிறகு லயத்துப் புகை மூக்கில் படுகிற வரைக்கும் ஓடினேன்.

மனைவி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நீ வேலைக்குப் போகாத புள்ள" என்றேன்.

"ஏன், எனக்குக் காய்ச்சலா? ஒங்களுக்குத்தான் மேலெல்லாம் நடுங்குது."

படத்தைக் கொடுத்தேன். விளக்குப் பக்கம் திருப்பினாள். "என்னங்க இது, என்னைய இம்புட்டுக் கறுப்பா ஆக்கி வச்சிருக்கீங்க?" என்றாள். அவள் விரல் படத்தின் மேல் ஊர்ந்து பாறையடிக்குப் போயிற்று. அங்கே நின்றது. படத்தைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். "இத வெளிய கொண்டுபோய் வைங்க. வீட்டுக்குள்ள வேணாம்."

"அப்ப நாளைக்கு நிக்கிறியா?"

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது மடிந்துகொண்டது. "நான் நின்னா எம் பக்கத்து நிரைக்காரி ஒத்தையிலல்ல போவா? அவளுக்குக் கைப்புள்ள இருக்கு. சொல்றதா இருந்தா எல்லாருக்கும் சொல்லுங்க. இல்லாட்டி நானும் போறேன்."

மறுநாள் விடியற்காலை பெரட்டுக்களத்துக்குப் போனேன். ஆட்களைக் கூப்பிட்டுப் பேர் போட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம் அது. பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். கங்காணியிடம் படத்தைக் காட்டினேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வா படக்காரத் தம்பி. போன மாசம் மேகத்தப் புடிச்சேன்னு ஊரெல்லாம் காட்டுன. இந்த மாசம் புலியவே புடிச்சிட்டியா?"

எங்கள் பக்கத்தில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர். அந்த மேகப் படம் உண்மையிலேயே நல்ல படம். ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை. படம் கைமாறிக் கைமாறிப் பெண்களிடம் போயிற்று. "படத்துல ஏன் இவ மட்டும் வந்திருக்கா, நாங்கள்லாம் மனுசங்க இல்லையா?" என்றாள் ஒருத்தி. கண்டாக்கு ஐயா, மலைவேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், கடைசியாக வாங்கிப் பார்த்தார்.

"எங்க புலி? இதா? ஏதோ மருந்து கொட்டின மாதிரில்ல இருக்கு."

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தோங்க ஐயா. நாலு பேர் பாத்தோம்."

"சரிப்பா. புலி பெரட்டுக்கு வந்தா அதுக்கும் பேர் போட்டுடலாம்" என்றார். களமே சிரித்தது. "ஃபேக்டரி ஆளுக்கு மலையில என்ன வேல? போ போ. ஏழாம் நம்பருக்குக் கெளம்புங்க எல்லாரும்."

கூடைகள் நகர ஆரம்பித்தன. என் மனைவி சிரிக்கவில்லை. பக்கத்து நிரைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் ஃபேக்டரிக்குப் போகவில்லை. கொல்லைப்புறத்தில் கிடந்த மண்ணெண்ணெய்த் தகரத்தையும் ஒரு கட்டையையும் எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி, அவர்களுக்கு முன்னால் அந்தப் பாறைக்குப் போனேன். தனியாக. இந்தக் காரியத்தை வேறு யார் செய்திருப்பான் என்று கேட்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால், பாதித் தூரத்துக்கு மேல் தகரத்தை நான் அடிக்கவில்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் கட்டை தானாக அதில் பட்டுக்கொண்டிருந்தது. கால் என்னைக் கேட்காமல் திரும்பத் திரும்பப் பின்னுக்கு வந்தது, நான் அதைத் திரும்பத் திரும்ப முன்னால் வைத்தேன்.

பாறையடியில் ஒன்றும் இல்லை.

பன்னை நீளவாக்கில் அமுங்கிக் கிடந்தது, ஒரு ஆள் படுத்து எழுந்த மாதிரி. மூத்திர நாற்றம் அடித்தது. ஓரத்தில் ஒரு நாயின் பின்னங்கால், மயிரோடு. ஃபேக்டரி வாசலில் படுத்திருக்கும் செவலை நாயின் கால், சனிக்கிழமைகூட அதைப் பார்த்தேன். அந்தக் காலில் ஈ மொய்க்கவில்லை, சதை இன்னும் ஈரமாக இருந்தது. அப்படியானால் அது தூரத்தில் இல்லை. எந்தச் செடிக்குப் பின்னால், மேலேயா கீழேயா, ஒன்றும் தெரியவில்லை. படத்திலாவது அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. கங்காணிதான் முதலில் மூச்சிரைக்க ஏறி வந்தார். காலைப் பார்த்தார். பன்னையைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே பார்த்து, "யாரும் ஏற வேணாம்! எல்லாம் ஒண்ணாச் சேந்து ரோட்டுக்கு எறங்குங்க! கைய விடாதீங்க!" என்று கூப்பாடு போட்டார். என் கையிலிருந்த தகரத்தை வாங்கி அவரே அடித்தார்.

எல்லோரும் இறங்கினார்கள், என் மனைவி மட்டும் ஏறி வந்தாள். நான் போ போ என்று கையாட்டியும் கேட்கவில்லை. சனிக்கிழமை நான் நிறுத்திய இடத்தில் வந்து நின்றாள். திரும்பி, தன் முதுகுக்கும் அமுங்கிய பன்னைக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தாள். கூடையை நீட்டினால் எட்டும் தூரம்தான். பிறகு என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். லயம் வருகிற வரைக்கும் விடவில்லை.

அந்தச் சிறுத்தையை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. துரை துப்பாக்கியோடு போய்ச் சுற்றி வந்தார், கிடைக்கவில்லை. ஏழாம் நம்பர் ஒரு சுற்றுக் கொழுந்து எடுபடாமல் முற்றிப்போனது.

என் மனைவி அதன் பிறகு திறந்த இடத்தில் படத்துக்கு நின்றதே கிடையாது. பிள்ளைகள் பிறந்தபோதும், அவர்களுக்குக் கல்யாணமானபோதும், எங்கே கூப்பிட்டாலும் போய் ஒரு சுவரைத் தேடி அதில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் நிற்பாள். ஊர் உலகத்துக்கெல்லாம் படம் எடுத்தவன் வீட்டில் அவள் படம் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவற்றை வைக்கும்போதெல்லாம், ஆள் சுவரில் ஒட்டி நிற்கிறாள், நிழல் சுவரில் விழுந்து படம் கெட்டுவிட்டது என்று மூன்று பேரும் சொல்வார்கள். சரியான குறைதான். விழட்டும் என்று விட்டுவிடுவேன்.