ஏகாம்பரத்துக்கு ஒடியாத வில்

வில் செய்து பிழைக்கிறேன் என்று சொன்னால் பட்டணத்து ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "எங்க, காட்டு" என்பார்கள். காட்டினால் இழுத்துப் பார்ப்பார்கள். இதில் எது மோசம் என்று கடை வைத்துப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கடைக்காரர் கசங்கிய புடவையை மறுபடி மடித்து வைத்துவிடலாம். என் சரக்கு அப்படி இல்லை.

ராயபுரத்துக்கு டிராம் வந்துகொண்டிருந்த காலத்தில் கடலோரச் சந்து ஒன்றில் எனக்கு ஒரு கொட்டகை இருந்தது. மெத்தைக்காரர்கள் பஞ்சு அடிக்கிற வில்லும் செய்வேன், நாடகத்து ராமர்களுக்குக் கனமாய்த் தெரிகிற கனமில்லாத வில்லும் செய்வேன். ஆனால் ஒரு வில்லுக்காக நான் தூக்கம் கெட்டது ஏகாம்பரத்துக்காகத்தான். பேசின் பிரிட்ஜ் பக்கம் நிலக்கரி வாரிக் கொட்டுகிற வேலை அவனுக்கு. நல்ல பையன். குளித்துவிட்டு வந்தால் அடையாளம் தெரியாது.

எங்கள் தெருத் திரௌபதி அம்மனின் ஆடித் திருவிழாவில் வில் வளைப்பு என்று ஒரு நாள் உண்டு. காப்புக் கட்டிக்கொண்டவன் அர்ச்சுனனாக நின்று, ஊர் பார்க்க வில்லை வளைத்து நாண் ஏற்றி, கம்பத்தின் உச்சியில் சுற்றுகிற மர மீனை நோக்கி அம்பு விட வேண்டும். அதற்கப்புறம்தான் அம்மனுக்குத் தாலி. ஒரு வருஷம் அர்ச்சுனனாக நின்றவன் நம் ஏகாம்பரம். விழாக்காரர்கள் சிக்கனம் பார்த்து, எண்ணூர் சவுக்குக் கழி ஒன்றுக்கு ஜிகினாத் தாள் சுற்றி, இதுதான் வில் என்று கையில் கொடுத்துவிட்டார்கள். வளைத்ததும் அது படீரென்று இரண்டாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து அவனுக்குத் திருவொற்றியூர் முனுசாமி ஃபிட்டரின் மகள் மங்காவைப் பேசி முடித்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றுவதுதான் பாக்கி. ஃபிட்டர் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார்: "வில்ல ஒடிச்சவன் கையில குடும்பம் நிக்காது. அடுத்த வருஷம் ஒடிக்காம வளைக்கட்டும், அப்பால பேசிக்கலாம்."

மரத்திடம் மனு

அடுத்த வருஷ வில்லை நான்தான் செய்ய வேண்டும் என்று ஏகாம்பரம் என்னிடம் வந்து நின்றான். தை பிறந்ததும் மரம் பார்க்கப் புழல் ஏரிப் பக்கம் போனேன். ஏகாம்பரமும் கோடாலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். அர்ச்சுனன் வில்லுக்கு முதல் வெட்டு அர்ச்சுனன்தான் போட வேண்டும் என்று பூசாரி சொல்லியிருந்தார். கருவேலம் நிறைய இருந்தது. ஆனால் எனக்குப் பட்டையில் ஓடுகிற வரி முறுக்கிக்கொள்ளாமல் மேலே போகிற மரம் வேண்டும். பட்டை முறுக்கினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கும், வில்லும் முறுக்கிக்கொள்ளும். வெயிலில் அலைந்து, தொடைப் பருமனில் ஒன்றைப் பிடித்தேன். தோப்புக் குத்தகைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

ஏகாம்பரம் கோடாலியைக் கீழே வைத்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான். எழுந்தவன் அதோடு விடவில்லை. மங்கா பேர், அவள் அப்பா பேர், போன வருஷம் நடந்த அவமானம், எல்லாவற்றையும் மரத்திடம் ஒப்பித்து, "நீயாவது நின்னு குடு" என்று கண் கலங்கினான். எனக்கே என்னவோ போலிருந்தது. குத்தகைக்காரர் மட்டும் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: "தம்பி, மரத்தாண்ட இவ்ளோ கெஞ்சறதுக்கு அந்தப் பொண்ணோட ஆத்தாளாண்ட போய்க் கெஞ்சியிருந்தா இந்நேரம் புள்ளையே பொறந்திருக்கும்."

ரம்பக்காரர் செய்ய வந்த உபகாரம்

மரத்தைக் கைவண்டியில் போட்டுக்கொண்டு திரும்பினோம். வழியில் மரவாடி வைத்திருக்கும் சிநேகிதர் வண்டியை மறித்தார். "எறக்கு, ஒரே இழுப்புல நேரா அறுத்துத் தரேன்" என்று பிடித்துக்கொண்டார். உபகாரத்தை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ரம்பம் தன் வழியில் போகும், நார் தன் வழியில் போகும். நாரைக் குறுக்கே அறுத்துவிட்டால், வளைக்கும்போது அந்த இடத்தில் மரம் வாய் பிளக்கும். ஆப்பு அடித்துப் பிளந்தால் மரமே தன் நார் வழியாகப் பிரிந்து கொடுக்கும். இதையெல்லாம் சொல்லி, அவர் முகம் சுண்டியதைப் பார்த்தும் பார்க்காததுபோல், அவர் வாசலிலேயே ஆப்பை இறக்கினேன்.

மரம் இரண்டு பாளமாகப் பிரிந்தது. இரண்டுமே நடுவில் லேசாக நெளிந்திருந்தன. ஒரு மரத்தில் இரண்டு வில் செய்து வைப்பது என் வழக்கம், அதனால் எனக்குச் சந்தோஷம். ஏகாம்பரத்துக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று. படத்தில் அர்ச்சுனன் வில் இப்படியா இருக்கிறது என்கிறான். நெளிவு இருந்தால் ஒன்றும் ஆகாது, நார் அறுபடாமல் இருந்தால் போதும் என்று நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து மரவாடிக்காரர் பழி தீர்த்துக்கொண்டார்: "இன்னா மேஸ்திரி, பையன் வில்லு கேட்டா நீ சாரப்பாம்பப் புட்ச்சிக் குட்த்துகினு கீறே?"

பார்க்கிற வேலை

பாளத்தின் இரண்டு முனைகளிலும் படகுக்குப் பூசுகிற கீலைத் தடவி நிழலில் காயப்போட்டேன். முனை வழியாக ஈரம் சீக்கிரம் போனால் மரம் வெடித்துவிடும். சித்திரை முடிந்து செதுக்க எடுத்தேன். பட்டையை உரித்ததும் வருகிற மேல்பக்கத்தில் உளி படக் கூடாது. உள்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும். ஒரு சீவல், இரண்டு சீவல், உடனே தளர்வாக நாண் கட்டிச் சுவரில் மாட்டி, கொஞ்சம் இழுத்து, பிடிக்கு மேலே இருக்கிற மேல் கையும் கீழே இருக்கிற கீழ் கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பேன். எந்தக் கை விறைப்போ அதில் இன்னொரு சீவல். மறுபடி பார்ப்பேன்.

ஏகாம்பரம் வேலை விட்டதும் கரி மூஞ்சியோடு நேரே என் கொட்டகைக்கு வந்துவிடுவான். வந்து உட்கார்ந்தால் பெருமூச்சு. நான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வில்லையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. "நைனா, ஆடி வந்துகினு கீது. நீ வேல செய்யறியா, வேடிக்க பாக்கறியா?" என்று ஒருநாள் கேட்டே விட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகையில் மெத்தை தைக்கும் காதர் பாய் நல்லவேளையாக முந்திக்கொண்டார். அவர் பஞ்சு அடிக்கிற வில்லும் என் கைவேலைதான். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "மாமு, பாக்கறதுதான் இவுரு வேல. செதுக்கறதெல்லாம் சொம்மா கை அரிப்புக்கு."

ஃபிட்டர் வருகை

முதல் வில் முடிந்து எண்ணெய் தடவி வைத்திருந்தேன். திருவிழாவுக்கு முதல் வாரம் முனுசாமி ஃபிட்டரே வந்து நின்றார், கூடவே அவர் சம்சாரம் பச்சையம்மா. காசிமேட்டுக்கு மீன் வாங்க வந்தார்களாம். மீன் கூடை காலியாக இருந்தது. ஏகாம்பரம் எழுந்து நின்று, உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றபடியே இருந்தான். ஃபிட்டர் வில்லைத் தட்டினார், மோந்தார், ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். இன்ஜினில் குறை கண்டுபிடிப்பவர் அல்லவா?

"எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள், அம்பு வைக்காமல் இழுத்து விட்டுவிடாதீர்கள்" என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அம்பு இருந்தால் வேகத்தை அது எடுத்துக்கொண்டு போய்விடும். இல்லாவிட்டால் அத்தனையும் திரும்பி மரத்தின்மேலேயே அறையும். அவர் சிரித்தார். ஆலையில் எத்தனை இரும்பை வளைத்தவர் அவர் என்று எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே காது வரைக்கும் இழுத்து, விட்டார். மேல் கை முறிந்து கூரையில் போய் இடித்து விழுந்தது. பச்சையம்மா மாராப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். என் வயிறு எரிந்த எரிச்சலை இன்னொரு தொழிலாளிக்குத்தான் சொல்ல முடியும். ஃபிட்டர் இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேஸ்திரி, இத்தப் பத்தவெச்சி ஒட்ட முடியாதா?"

மீன் தப்பியது

இரண்டாவது பாளத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு கொட்டகைக்கே வந்தது. வேடிக்கை பார்க்கிறாயா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. வில் முடிந்தது. ஆனால் நாலு தரம் அம்பு விட்டுச் சோதிக்க நேரமில்லை. முழு இழுப்பு கோயில் வாசலில்தான் என்றாகிவிட்டது.

சாயங்காலம் மேளம் நின்றது. ஏகாம்பரம் மஞ்சள் வேட்டியோடு வில்லின் கீழ் முனையைக் காலில் மிதித்து வளைத்தான். மரம் 'கிர்ர்' என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாண் ஏறியிருந்தது. அவன் அம்பு வைத்துக் காது வரைக்கும் இழுத்தான். நெளிந்த வில் இரண்டு கையும் ஒன்றுபோல வளைந்து நின்றது. இத்தனை வருஷத் தொழிலில் நான் அழுதது அன்றைக்குத்தான், சொல்ல வெட்கமில்லை. அம்பு மட்டும் மீனை விட்டுவிட்டுப் பந்தல் கீற்றில் போய்ச் செருகிக்கொண்டது. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பூசாரி கற்பூரத்தைக் காட்டிவிட்டார்.

ஃபிட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. "வில்லு நின்னிச்சி, செரி. மீனு மேல படலியே? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஏகாம்பரம் வில்லைப் பிடித்த கையோடு என்னைப் பார்த்தான். அவர் முறித்ததைச் சபையில் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் பெண்ணைப் பெற்றவரைத் தலைகுனிய வைத்து ஒரு கல்யாணத்தைத் தொடங்குவதா என்று விழுங்கினேன். அதற்குள் பெண்கள் பக்கமிருந்து பச்சையம்மா நிதானமாக எழுந்து வந்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "இந்தாய்யா, வில்ல ஒடிச்சவன் கையில குடும்பம் நிக்காதுன்னு சொன்னது நீ. மேஸ்திரி கொட்டாயில வில்ல ஒடிச்சதும் நீ. இப்ப இந்தப் புள்ளைக்கு வெத்தல பாக்கு மாத்தறியா, இல்ல நான் துணிமணிய எடுத்துகினு எங்கம்மா வூட்டுக்குப் போவட்டா?"

ஒரு வில்லைச் செய்ய நல்ல மரமும் பொறுமையும் இருந்தால் போதும், அதைக் கல்யாணம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் ஒரு மாமியார் வேண்டியிருக்கிறது.